இராகத்தைத் தவறாகச் சொன்னது உண்மை. ‘அந்த முகாமுக்குப் போ’ என்றதற்கு என்ன பதில்?

இளையராஜாவின் 1980களின் பாடல்களைப் பற்றி உரையாடும் இணைய ரசிகர் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஒரு பாடலின் இரண்டாம் இடையிசை (பாடல் வரிகளுக்கு நடுவே வரும் வாத்திய இசை) தேவைக்கு மேல் நீள்வதாகத் தமக்குப் பட்டதை அவர் எழுதியிருக்கிறார். போகிற போக்கில் பாடலின் இராகத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். அந்த இராகப் பெயர் தவறு. உடனே மூத்த உறுப்பினர் ஒருவர், “ராகம் தெரியாதவனெல்லாம் ராஜாவைத் திருத்த வந்துவிட்டான்; நீ போய் அந்த முகாமில் சேர்ந்துகொள்” என்று எழுத, அதற்கு 40 பேர் விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள். “தவறு என்னுடையதுதான். ஆனால் இரண்டு நாட்களாகத் தூக்கம் இல்லை. பதில் சொல்வதா, பேசாமல் இருப்பதா, குழுவை விட்டே விலகிவிடுவதா?” என்று கேட்டிருக்கிறார்.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய குழுக்களில் எழுதியும், இரண்டு குழுக்களை நடத்தியும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். அதில் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. இராகத்தின் பெயர் பிழை என்பது ஒன்று. அது பாடலைப் பற்றியது, சரிபார்க்கக்கூடியது. இராகம் தெரியாதவருக்குக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை என்பது இன்னொன்று. அது ரசனையைப் பற்றிய ஒரு கொள்கை, வேண்டுமானால் விவாதிக்கலாம். நீங்கள் குறை சொன்னதற்குக் காரணம் நீங்கள் வேறொரு இசையமைப்பாளரின், அதாவது ஏ.ஆர். ரஹ்மானின், ஆள் என்பது மூன்றாவது; அது உங்கள் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர் சொல்வது, நீங்கள் எத்தனை பக்கம் எழுதினாலும் அதைப் பொய்யென்று நிறுவ முடியாது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலை எழுத உட்கார்ந்தால், கடைசியில் உள்ளதன் சூடு முதலில் உள்ளதற்கும் பரவி, சரியான திருத்தத்தையும் மறுக்கிறவராக நீங்கள் தோற்றம் அளிப்பீர்கள். அந்த 40 விருப்பக்குறிகளும் உங்களை அவமதித்ததற்காக இடப்பட்டவை என்று கணக்கிட வேண்டாம். அவற்றில் கணிசமானவை இராகம் தவறு என்பதற்கு மட்டும் இடப்பட்டிருக்கும். உங்கள் பதிலை அவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

இந்தப் பிரித்தறிதலை நான் கற்றுக்கொண்டது ஒரே இரவில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடலைப் பற்றி நான்கு பத்திகள் எழுதி, அது சுத்த தன்யாசி இராகம் என்று உறுதிபடச் சொல்லியிருந்தேன். இரவு பத்தரை மணிக்கு ஒருவர் எழுதினார்: “காது இருந்தால் சரணத்தின் கடைசி வரியைக் கேளுங்கள்.” ‘காது இருந்தால்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. நள்ளிரவு தாண்டியும் பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்; நான் எத்தனை ஆண்டுகள் வயலின் கற்றேன், யாரிடம் கற்றேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. அனுப்புவதற்கு முன் எதற்கும் ஒரு முறை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சிறிய கீபோர்டை மடியில் வைத்து அந்த வரியை ஓடவிட்டேன். சுத்த தன்யாசிக்கும் ஆபேரி இராகத்துக்கும் ஆரோகணம், அதாவது ஏறும் ஸ்வர வரிசை, ஒன்றுதான்: ஸ க ம ப நி ஸ. இறங்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. ஆபேரி இறங்குகையில் தைவதமும் (த) ரிஷபமும் (ரி) வரும், சுத்த தன்யாசியில் அவை இரண்டுக்கும் இடமில்லை. அந்த வரி இறங்கியபோது நிஷாதத்துக்கும் (நி) பஞ்சமத்துக்கும் (ப) நடுவே தைவதம் தெளிவாக நின்றது. அடுத்து காந்தாரத்திலிருந்து (க) ஷட்ஜத்துக்கு (ஸ) வரும் வழியில் ரிஷபமும் ஒலித்தது. திரைப்பாடலில் இராகத்துக்கு வெளியிலுள்ள அந்நிய ஸ்வரம் ஒன்று எட்டிப்பார்த்தாலே இராகம் மாறிவிடாது என்பது உண்மைதான். ஆனால் இங்கே இரண்டு ஸ்வரங்களும் இரண்டு சரணங்களிலும் அதே இடத்தில், அதே இறக்கத்தில் வந்தன. எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் அவை அங்கேயேதான் இருந்தன.

தட்டச்சு செய்த அனைத்தையும் அழித்துவிட்டு, “நீங்கள் சொன்னது சரி. சரணத்தின் கடைசி வரி இறங்கும்போது தைவதமும் ரிஷபமும் வருகின்றன, ஆகவே ஆபேரிதான். பதிவில் திருத்திவிட்டேன், நன்றி” என்று மட்டும் எழுதினேன். காதைப் பற்றிய சொல்லை நான் தொடவே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே வந்த பதில்கள் அனைத்தும் ஆபேரியைப் பற்றியும், அதே சாயலில் அமைந்த வேறு பாடல்களைப் பற்றியுமே இருந்தன. என்னைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே இராகத் தவற்றை நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளும்போது ‘அவசரத்தில் எழுதிவிட்டேன்’, ‘யாருக்கும் நேர்வதுதானே’ போன்ற ஒட்டுகள் வேண்டாம். என்ன தவறு, எது சரி, எந்த ஸ்வரத்தால் அது தெரிகிறது என்ற மூன்றும் இருந்தால் போதும். மூலப் பதிவை நீக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நீக்கினால் அதன் கீழே வந்த பதில்கள் தலையில்லாத உடலாக நிற்கும், நீங்கள் ஓடிப்போனதாகவும் தோன்றும். திருத்தத்தைப் பதிவின் தலைப்பிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

தகுதி பற்றிய பேச்சுக்கு வருகிறேன். இதில் நான் உறுதியாக உங்கள் பக்கம். ஓர் இடையிசை நீளமாகப் பட்டது என்று சொல்ல இராகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பாடல்கள் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் வயல் வரப்பிலும் கேட்பவர்களுக்காகவே இசைக்கப்பட்டவை, அவர்களால்தான் நிலைத்தவை. 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி இசை விமர்சனம் எழுதியபோது, மேடையேறிப் பாடும் வித்வானாக அவர் எழுதவில்லை, கேட்டுக் கேட்டுச் செவி பழகிய ரசிகராகவே எழுதினார். அந்த எழுத்துக்காகவே இதழை வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘எனக்கு நீளமாகப் பட்டது’ என்பது உங்கள் செவியின் சாட்சியம். அதற்கு யாரும் ஆதாரம் கேட்க முடியாது. இராகப் பெயரை எழுதிய அந்த நொடியில் நீங்கள் சரிபார்க்கக்கூடிய தளத்துக்குள் காலடி வைக்கிறீர்கள். அங்கே ‘எனக்குத் தோன்றியது’ என்ற காப்பு செல்லாது. உங்கள் கருத்துக்கு அந்தப் பெயர் தேவையாகவும் இருக்கவில்லை. தேவையற்ற இடத்தில் வைத்த அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் முழுக் கருத்தையும் தள்ளிவிட்டார்.

தமிழ்த் திரையிசை ரசிகர்களிடையே தகுதிச் சண்டை இவ்வளவு எளிதில் மூள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. நம்முடைய இசைத்தட்டு உறைகளில் நெடுங்காலம் படத்தின் பெயரோடு இசையமைப்பாளர், கவிஞர், பாடகர்கள் பெயர்கள்தான் அச்சாகின. அந்தப் புல்லாங்குழலை வாசித்தவர் யார், அந்த கிதாரை மீட்டியவர் யார் என்பது எழுதப்படவே இல்லை. பின்னர் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடா, குறுந்தகடு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் இடம்பெறத் தொடங்கியது பெரிய மாற்றம். அதற்கு முந்தைய காலத்துக்கு நமக்கு இருப்பவை கலைஞர்களின் பேட்டிகளும், ரசிகர்களின் நினைவும், காதும்தான். இளையராஜாவின் குழுவில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் பாடியவர் என்பதையே பலர் பேட்டிகளின் வழியாகத்தான் அறிந்தார்கள். காகிதத்தில் சான்று இல்லாத இடத்தில், சொல்லப்பட்ட செய்தியின் மதிப்பு சொன்னவரின் மதிப்பைச் சார்ந்து நிற்கிறது. எனவே ‘இது சரியா?’ என்று கேட்டால் ‘என்னையா சந்தேகப்படுகிறாய்?’ என்று காதில் விழுகிறது. இதற்கு நான் கண்ட வழி, சொல்பவரைச் சாராத சான்றை எப்போதும் உடன் வைப்பது. ‘இரண்டாம் இடையிசை நீளம்’ என்பதை விட, ‘இத்தனாவது நிமிடம் இத்தனாவது நொடியில் வயலின்கள் சொன்னதையே புல்லாங்குழல் மீண்டும் சொல்கிறது, அந்த இரண்டாம் முறை எனக்கு மிகையாகப் பட்டது’ என்று எழுதியிருந்தால், மறுக்க வருபவரும் அந்த நொடியைக் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டியிருக்கும்.

பெண்கள் எழுதும்போது இந்தத் தகுதிக் கேள்வி இன்னும் இழிவான வடிவம் எடுக்கிறது. நான் நடத்திய குழுவில் கல்லூரி ஆசிரியை ஒருவர் தாளக் கட்டமைப்பைப் பற்றி மிகச் சிறந்த கட்டுரை ஒன்றை எழுதியபோது, முதல் மறுமொழியே “யார் எழுதிக் கொடுத்தது?” என்பதுதான். அதற்கு அவர் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குழுவை நடத்துகிற நான்தான் அதை அந்த நிமிடமே நீக்கியிருக்க வேண்டும். மறுநாள் காலையில்தான் பார்த்தேன், அதற்குள் அது போன்ற இன்னும் ஐந்து வந்துவிட்டிருந்தன. அதற்காக நான் இப்போதும் வருந்துகிறேன்.

மூன்றாவது, அதாவது ‘அந்த முகாம்’. இதற்குப் பொதுவெளியில் ஒரு சொல்லும் பதில் எழுத வேண்டாம். ‘நான் ரஹ்மான் ரசிகன் அல்ல’ என்று எழுதினால் அது ஒரு குற்றம் என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டதாக ஆகும். ‘ஆம், அவரையும் பிடிக்கும்’ என்று எழுதினால் உரையாடல் அதோடு முடிந்தது. இருவரையும் பிடித்தவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ரஹ்மானே இளம் வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்குச் சேர்ந்தே இசையமைத்தார்கள். முகாம்கள் ரசிகர்கள் போட்டவை.

அந்த மூத்த உறுப்பினர் ஏன் அப்படிக் கொதித்தார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இளையராஜா அறிமுகமான ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல், ரஹ்மான் அறிமுகமான ‘ரோஜா’ வந்தது 1992இல். முதலாவது வந்தபோது 15 வயதாக இருந்தவருக்கு இரண்டாவது வந்தபோது 31 வயது. வேலை, குடும்பம், பொறுப்பு எல்லாம் வந்துவிட்ட வயது. இலங்கை வானொலியில் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தது, பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் 60 நிமிட, 90 நிமிட ஒலிநாடாவில் பதிந்து வாங்கியது, முதல் காதல், இறந்துபோன நண்பன் என்று அவருடைய இளமையின் பெரும்பகுதி அந்தப் பாடல்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எழுதியது ஓர் இடையிசையைப் பற்றி. அவருக்குக் கேட்டது தம் வாழ்க்கையைப் பற்றிய குறை. இதனால் அவர் எழுதியது நியாயமாகிவிடாது. ஆனால் அந்தச் சொல் உங்களை நோக்கி வந்தது என்றாலும் உங்களைப் பற்றியது அல்ல என்பது விளங்கும். இரண்டு நாட்களாக வராத உங்கள் தூக்கத்துக்கு இது உதவக்கூடும்.

பாட்டில் தொடங்கிய பேச்சு ஆளின் மீது பாய்வது நமக்குப் புதிதன்று. திருவிளையாடல் கதையில் தருமிக்குக் கொடுத்த பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்று நக்கீரர் சொல்கிறார். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பதுதான் கேள்வி. பாட்டுக்கு உரியவர் அந்தக் கேள்வியோடு நிற்கவில்லை. சங்கு அறுக்கும் கீரனா என் கவியை ஆராய்வது என்று தொழிலையும் குலத்தையும் இழுத்ததாகத் தனிப்பாடல் வழக்கு உண்டு. நக்கீரரும் விடாமல், சங்கறுப்பது எங்கள் குலம், சங்கரனுக்கு ஏது குலம் என்று அதே தளத்தில் திருப்பிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு அந்த அவையில் கூந்தலின் மணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரரின் துணிவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் அந்தக் குலப்பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அவருடைய நிலை இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து மொழியைப் பற்றி. அவர் உங்களை ‘நீ’ என்று எழுதியிருக்கிறார். அதுவரை ‘நீங்கள்’ என்றே எழுதிவந்தவர் என்று நினைக்கிறேன். தமிழில் சண்டை எந்த இடத்தில் தொடங்கியது என்பதைக் கண்டுபிடிக்கப் பன்மை ஒருமையாகும் அந்த வரியைப் பார்த்தால் போதும். நீங்கள் ஒருமையில் திருப்பி எழுத வேண்டாம். ‘ஐயா’, ‘பெருந்தகை அவர்களே’ என்று வலிந்த மரியாதையும் வேண்டாம், அது ஒருமையைக் காட்டிலும் ஆழமாகக் குத்தும். முன்பு எப்படி விளித்தீர்களோ, அண்ணன் என்றோ சார் என்றோ, அப்படியே விளியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் கோபம் தணிவதில்லை, ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருவர் போதும். ஆகவே பதிலைக் குழுவின் பெட்டிக்குள் தட்டச்சு செய்யாதீர்கள்; வேறெங்காவது எழுதி வைத்து, மறுநாள் காலையில் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

பொதுவெளியில் விட்டுவிடச் சொன்னேனே தவிர, விழுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இராகத் திருத்தத்தை எழுதி ஓரிரு நாள் கழித்து, அவருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் பேசுங்கள், இல்லையென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். ‘நீங்கள் என்னை அவமானப்படுத்தினீர்கள்’ என்று தொடங்கினால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். ‘இராகத்தைத் திருத்தியதற்கு நன்றி. முகாமில் சேரச் சொன்ன வரி எனக்கு வலித்தது. ஆறு ஆண்டுகளாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், அந்த வரியை மட்டும் நீக்கிவிட முடியுமா?’ என்று கேளுங்கள். மன்னிப்பைக் கேட்டு வாங்க முயல வேண்டாம். குழு நடத்துநராக நான் பல முறை, இன்னார் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறேன். ஒரு முறையும் நல்லது நடக்கவில்லை, இரண்டு தரப்புக்கும் ஆள் சேர்ந்ததுதான் மிச்சம். ஒரு வரியை நீக்கச் சொன்னால் பெரும்பாலோர் நீக்கிவிடுகிறார்கள். அவருக்கு மனம் இல்லையென்றால் நடத்துநரிடம் அந்த வரியை மட்டும் சுட்டிக்காட்டி எழுதுங்கள்; அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்துக் கோப்பு தயாரிக்க வேண்டாம்.

சாதி, மதம், உடல், குடும்பத்துப் பெண்கள் ஆகியவற்றைத் தொட்டு எழுதப்படுபவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இளையராஜாவின் பிறப்பையும் ரஹ்மானின் மதத்தையும் வைத்து எழுதுகிறவர்கள் இருபுறமும் இருக்கிறார்கள். அதை அவர்களுடைய ரசிகர்கள் மீதும் நீட்டுகிறார்கள். அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய திருத்தம் எதுவும் இல்லை. தேதியும் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, நடத்துநருக்குச் சொல்லிவிட்டு, எழுதியவரைத் தடுத்துவிடுங்கள் (பிளாக் செய்துவிடுங்கள்). மிரட்டலோ பின்தொடர்தலோ இருந்தால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பலர் இப்போதும் ‘66ஏ பிரிவில் போடுவேன்’ என்று எழுதுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015லேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. மிரட்டலும் பெண்களை இணையவழியில் பின்தொடர்வதும் இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்றங்கள். உங்களுக்கு நேர்ந்தது இந்த வகை அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம் என்பதற்காகவே சொன்னேன்.

விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு வரிக்காக விலக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எழுதுவதற்கு முன் ‘இதைச் சொன்னால் யார் என்ன சொல்வார்கள்’ என்று ஒவ்வொரு முறையும் யோசித்து, பிடிக்காததை எழுதுவதையே விட்டுவிட்டு, பாராட்டை மட்டும் எழுதுகிறவராக நீங்கள் மாறிக்கொண்டிருப்பது தெரிந்தால் அப்போது விலகுங்கள். அந்த நிலையில் பாடல்களைக் கேட்பதே கசந்துபோகும், அந்த இழப்பு பெரிது. அப்படி விலகும்போதும் நீண்ட விடைபெறும் கடிதம் எழுதாமல் அமைதியாக வெளியே வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் குழுவில் எழுத வேண்டியது இவ்வளவுதான் என்பது என் கருத்து: “இராகத்தை நான் தவறாகக் குறிப்பிட்டிருந்தேன், சுட்டிக்காட்டியதற்கு நன்றி, பதிவில் திருத்தியிருக்கிறேன். இடையிசை நீள்வதாக எனக்குப் பட்ட இடத்தை நிமிடம், நொடியோடு கீழே குறித்திருக்கிறேன். அந்த இடம் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று அறிய விரும்புகிறேன்.” நொடிக்கணக்கைச் சரியாகக் குறிக்க இன்னொரு முறை அந்தப் பாடலை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். புல்லாங்குழல் இரண்டாம் முறை வரும்போது பின்னணியில் பேஸ் கிதார் அதே வழியில்தான் போகிறதா, வேறு வழி எடுக்கிறதா என்பதைக் கவனியுங்கள். வேறு வழி எடுத்தால் அந்த நீளத்துக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும்; அப்படியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.